பாவ்ஷான் சாப்பிட்ட ஊர்கள்

கெங் யூலியன் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு மந்தோ அவிப்பவள். ஹெனான் மாகாணத்தில் ட்சோகோவ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. அதன் சமையற்கூடத்தில் வேலை. மந்தோவில் உப்பும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. வெள்ளை வெளேரென்று ஆவியில் வேகிற கோதுமை மாவு உருண்டை, அவ்வளவுதான். ஆனால் அது தட்டில் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. யூலியனுக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்திரண்டு வருடம் ஆவிக்குள்ளேயே போய்விட்டது. முகம் எப்போதும் கொஞ்சம் ஊறிப்போனாற்போல இருக்கும். வாய் மட்டும் ஊறவில்லை, அது நன்றாகத் தீட்டிய கத்தி.

போன அக்டோபரில் அவள் கணவர் லுவான் பாவ்ஷான் இறந்துபோனார். லாரி ஓட்டியவர். நெடுஞ்சாலையோரத்து ஓய்விடம் ஒன்றில், பதிமூன்று மீட்டர் லாரியைக் கோடு பிசகாமல் நிறுத்தி, கைப்பிரேக்கையும் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. “சாகும்போதுகூட யாருக்கும் இடைஞ்சல் பண்ணல பாரு” என்று ஊரில் பாராட்டினார்கள். இதையெல்லாமா பாராட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் பாராட்டுவார்கள்.

யூலியன் அழவில்லை. புருஷன் செத்தால் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒப்பாரி வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவளும் முயன்று பார்த்தாள். பல் பிடுங்குவதற்கு முன்னால் மருத்துவர் ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கிள்ளுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குப் போய் மாவு பிசைந்தாள். கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அவள் மறுத்துப் பேசவுமில்லை. கல்தானோ என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது.

மார்ச் மாதம் பாவ்ஷானின் தம்பி பாவ்தியன் வீட்டுக்கு வந்தான். ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் வருகிறது. எல்லோரும் சமாதிக்குப் போய்ப் புல் பிடுங்கி, செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்து, காகிதப் பொருள்களை எரித்து அனுப்புகிற நாள். புதுச் சமாதிக்கு முதல் சிங்மிங் என்றால் சொந்தபந்தம் எல்லாம் வரும். ஒரு குறையும் இருக்கக் கூடாது.

“அண்ணி, அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்ச பண்டம் என்ன? சொல்லுங்க, நான் ஏற்பாடு பண்ணிடறேன்” என்றான் பாவ்தியன்.

முப்பது வருடம் குடும்பம் நடத்தினவளுக்குப் புருஷன் எதை ஆசையாகத் தின்பான் என்று தெரியவில்லை.

தெரிந்துகொள்ள நேரம் எங்கே இருந்தது? வருடத்தில் இருபது நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த இருபது நாளும் என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் “எதுவானாலும் சரி” என்பார். வைத்ததைத் தின்பார், தட்டைக் கழுவி வைப்பார், தூங்குவார். அவருடைய ருசியெல்லாம் சாலையில்தான் இருந்தது. ட்சோகோவிலிருந்து சியான், ஹான்சோங், குவாங்யுவான் வழியாக செங்டு வரைக்கும் போய்த் திரும்புவார். சாயங்காலமானால் போன் வரும்.

“சாப்பிட்டாச்சா?” என்று யூலியன் கேட்பாள்.

“ஏன் கேக்குற! சியான்ல இருக்கேன். கோட்டைச் சுவருக்கு உள்ள ஒரு தெரு. ஒருத்தன் பெரிய மண்சட்டியில பசையரிசியையும் சிவப்பு இலந்தையையும் அடுக்கடுக்கா போட்டு ராத்திரி பூரா வேகவெச்சிருக்கான். இலந்தை உருகி அரிசியெல்லாம் கருஞ்சிவப்பு. கரண்டியில எடுத்தா நூலா இழுக்குது. இதுக்கு மிஞ்சி ஒண்ணு இனிமே பொறந்துதான் வரணும்.”

பின்னாலிருந்து ஆட்கள் கத்துவதும் சிரிப்பதும் கேட்கும். நல்ல கூட்டமான கடைபோலிருக்கிறது என்று யூலியன் நினைத்துக்கொள்வாள். அடுத்த நாள் ஹான்சோங்கிலிருந்து வேறொரு கதை. அரிசிமாவைத் துணியில் ஊற்றி அவித்து, நாடாவாக நறுக்கி, மேலே சிவக்கச் சிவக்க மிளகாய் எண்ணெய். “இதுக்கு மிஞ்சி ஒண்ணு இனிமே பொறந்துதான் வரணும்.” செங்டு போனால் மூன்று பீரங்கி. பசையரிசி உருண்டைகளைப் பலகையில் ஓங்கி அடித்தால் டங் டங் டங் என்று துள்ளி மாவில் போய் விழும் இனிப்பு. அதற்கு மிஞ்சியும் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும்.

யூலியனுக்குப் பொறாமையாக இருக்கும். மறைப்பானேன், வயிற்றெரிச்சல். “நீங்க ஊர் ஊரா நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு சுத்துங்க. நான் இங்க ஆவியிலேயே வெந்து சாகுறேன். குடுத்துவெச்ச மகராசன்!” என்று சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. பாவ்ஷான் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுவார்.

இப்போது எதைப் படைப்பது? எல்லாவற்றையும் ஒரே வாயால் ஒரே மாதிரி புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். யூலியன் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பள்ளியில் எட்டு நாள் விடுப்புக் கேட்டாள். அவளுடைய கணக்கு எளிமையானது. அந்த ஊர்களுக்குப் போக வேண்டும். அந்தக் கடைகளில் அவர் படத்தைக் காட்ட வேண்டும். எந்தக் கடைக்காரன் பார்த்ததும் “அட, இவரா!” என்கிறானோ, அங்கேதான் அவர் அடிக்கடி போயிருக்கிறார். அதுதான் அவருக்குப் பிடித்தது.

“ரெண்டு கிலோ பன்னிக்கறி வாங்கிப் படைச்சா முடிஞ்சுபோற விஷயம் அண்ணி. இதுக்குப் போயி ரயில் ஏறணுமா?” என்றான் பாவ்தியன்.

“பன்னிக்கறி பிடிக்கிறது உனக்கு. செத்தது நீ இல்ல” என்றாள் யூலியன்.

சியானில் இறங்கியபோது காலை ஏழு மணி. கோட்டைச் சுவருக்கு உள்ளே அந்த இனிப்பு விற்கிற தெருக்கள் ஒன்றல்ல, ஒன்பது இருக்கும். ஒவ்வொன்றாக நடந்தாள். மூன்று சக்கர வண்டியில் இடுப்பளவு சட்டியை வைத்துக்கொண்டு ஒருவன் அகப்பையால் வழித்து வழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். யூலியன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

“இவர் உங்க கடைக்கு வருவாரா? லேசா வழுக்கை. காது பெருசா இருக்கும்.”

கடைக்காரன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தான். “அக்கா, சாப்பிட வர்றவங்க என்னைப் பார்க்கிறதில்ல, சட்டியைத்தான் பார்க்கிறாங்க. நானும் அவங்களைப் பார்க்கிறதில்ல, அகப்பையைத்தான் பார்க்கிறேன். ஒரு கிண்ணம் தரட்டுமா?”

வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்று சாப்பிட்டாள். அரிசி கருஞ்சிவப்பாக இருந்தது, நூலாக இழுத்தது, எல்லாம் அவர் சொன்னபடியே. இனிப்பு என்று தெரிந்தது. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிறது என்று தெரிகிற மாதிரி தெரிந்தது. அதைவிட நன்றாக அவளுக்குத் தெரிந்தது, அடி அரிசிக்கு ஆவி கொஞ்சம் கூடிப் போய்விட்டது என்பதுதான். தொழில்காரி நாக்கு. துக்கம் போகும், தொழில் போகாது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அன்றைக்கு ஆறு கடை, ஆறு கிண்ணம், ஆறு “தெரியலையே அக்கா”. சாயங்காலம் வயிறு கல்லாகக் கனத்தது. மகள் ட்செங்சோவிலிருந்து போன் செய்து, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாள். “யானைக்கு வெக்கிற அளவு சாப்பிட்டேன்” என்றாள். அது உண்மை. எப்படி இருந்தது என்று மகள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்ல ஒன்றும் இல்லை.

ஹான்சோங்கில் இரண்டு நாள். அங்கே விடிந்ததும் ஊரே அரிசி நாடா தின்கிறது. பள்ளிப் பிள்ளை முதல் போலீஸ்காரர் வரை குட்டை நாற்காலியில் குந்தியபடி உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது கடையில் ஒரு குண்டுப் பெண், ஆவி பறக்கும் தட்டுகளுக்கு நடுவில் நின்றபடி படத்தைப் பார்த்துவிட்டு, “அட, இவரா!” என்றாள்.

யூலியன் போனை இன்னும் கிட்டே நீட்டினாள்.

“தெரியுமா?”

“தெரியாம என்ன! அதோ அந்த மூலையிலதான் உக்காருவார். மிளகாய் எண்ணெய் ரெண்டு கரண்டி கூடக் கேட்பார். பத்தல பத்தலம்பார். நல்ல மனுஷன். எங்க ஆளையே காணோம் இப்ப?”

யூலியன் அந்த மூலையைப் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஈரத்துணி, சுவரில் எண்ணெய்க் கறை. அங்கே அவரை உட்காரவைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தார். மிளகாய் எண்ணெயைக் கையில் கொடுத்துப் பார்த்தாள். அங்கேதான் இடறியது. பாவ்ஷானுக்கு வயிற்றில் புண். வீட்டில் ஒரு துணுக்கு மிளகாய் பட்டாலும் விக்கல் எடுத்து விடியவிடிய உட்கார்ந்திருப்பார். அவளே எத்தனை தடவை முதுகைத் தடவிவிட்டிருக்கிறாள்! அப்படிப்பட்டவர் போனில் சிவக்கச் சிவக்க என்று வர்ணித்தபோது இவளுக்கு ஏன் அது உறைக்கவில்லை?

“இவரோட ஒரு சின்னப் பொண்ணும் வருமே” என்று குண்டுப் பெண் சேர்த்தாள்.

“எங்க பொண்ணுக்கு இருபத்தெட்டு வயசு” என்றாள் யூலியன்.

“அப்போ வேற யாரோ போல” என்றாள் அவள், வெட்கமே இல்லாமல். பிறகு இரக்கப்பட்டாளோ என்னவோ, ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். “நீங்க தேடி வந்த மொகத்தைப் பார்த்தா, தெரியும்னு சொல்லணும்போல இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பிடுங்க.”

யூலியன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எதையுமே எடுத்துக்கொள்கிற நிலையில் இல்லை. சாப்பிட்டாள். மூக்கில் நீர் வழிந்தது, நாக்குக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. எழுந்து போகும்போது, “உங்க இடது பக்க மூடியில ஆவி கசியுது. துணியை நனைச்சுச் சுத்துங்க, மாவு சீராக வேகும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குவாங்யுவானில் ஒரு நாள். அந்த ஊர்ப் பண்டத்தின் பெயர் குளிர் நூடுல்ஸ், தருவதென்னவோ சூடாக. அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக செங்டு வந்து சேர்ந்தாள்.

செங்டுக்காரர்களுக்குத் தின்பது ஒரு வேலை. மற்ற வேலையெல்லாம் தின்றது செரிப்பதற்காகச் செய்வது. யூலியன் பழைய நகரத்துத் தெரு ஒன்றில் கண்ணாடிபோலத் தெளிந்த ஐஸ்போட்ட கூழ் தின்றாள், எள் ஒட்டிய எண்ணெய் உருண்டை தின்றாள், உள்ளங்கையளவு முட்டைத் தோசையில் சர்க்கரை வைத்து மடித்ததைத் தின்றாள். எங்கும் படத்தைக் காட்டினாள். கடைசியில் டங் டங் டங் என்று சத்தம் கேட்டது. மூன்று பீரங்கிக் கடை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, உருண்டைகளை விட்டெறிந்துகொண்டிருந்தாள். பலகையில் இருந்த பித்தளைக் கிண்ணங்கள் அதிர்ந்தன. உருண்டைகள் துள்ளி, வறுத்த சோயா மாவுக்குள் விழுந்து புரண்டன. மேலே வெல்லப்பாகை ஊற்றி நீட்டினாள்.

“இவரை நான் பார்த்ததில்லையே அக்கா” என்றாள் படத்தைப் பார்த்து. “இந்த ஊர்லயா இருந்தார்? என்ன வேலை?”

“லாரி ஓட்டினார். மாசத்துல ஒரு தடவை இங்க வருவார். உங்க கடையைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார்.”

“சின்ன வண்டியா?”

“பதிமூணு மீட்டர்.”

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். “பதிமூணு மீட்டர் லாரி இந்தத் தெருவுக்கா! அக்கா, என் கொழுந்தனும் அந்த வேலைதான். சுத்துச்சாலைக்கு உள்ள மூக்கை நீட்டினாலே அபராதம் போட்டுத் தாளிச்சிருவாங்க. எந்த ஊர்லயும் பெரிய லாரியைப் பகல்ல உள்ள விடமாட்டாங்க. சரி, வண்டியை வெளியில விட்டுட்டு மெட்ரோ பிடிச்சு வரலாம்னா, போக வர மூணு மணி நேரம். அதுக்குள்ள டீசல் எலிங்க, அதான் திருட்டுப் பசங்க, வந்து டேங்கை உறிஞ்சிட்டுப் போயிருவாங்க. லாரிக்காரன் வண்டியை விட்டு எறங்கவே மாட்டான். உங்க வீட்டுக்காரர் பறந்தா வந்தார்...”

சொல்லிக்கொண்டே வந்தவள் யூலியனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். சுருட்டிவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“அவர் இப்போ...?”

“செத்துட்டார்.”

அந்தப் பெண் இன்னொரு தட்டை எடுத்து மூன்று உருண்டைகளை வைத்தாள். இந்த முறை பலகையில் அடிக்காமல் கையாலேயே மெதுவாக மாவில் புரட்டினாள். யூலியன் இரண்டு தட்டையும் காலி செய்தாள். மாவைத் தண்ணீர் குடித்து இறக்கினாள்.

மறுநாள் பேருந்து மாறி மாறி நகரத்துக்கு வடக்கே லாரிகள் நிற்கிற மைதானத்துக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பெரிய மைதானம், ஐந்நூறு லாரியாவது இருக்கும். மரம் கிடையாது. வரிசை வரிசையாக நடந்து, நம்பர் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். ட்சோகோவ் வண்டிகளுக்குத் தனி எழுத்து உண்டு. அந்த எழுத்தோடு ஒரு நீல லாரி நின்றது. அதன் பக்கவாட்டில், கருவிப்பெட்டியின் கதவை மேஜையாக்கி, ஒருவன் குட்டி அடுப்பில் கோசுக்கீரையும் நூடுல்ஸும் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தான். படத்தைக் காட்டியதும் கரண்டி அப்படியே நின்றது.

“அட, இவரா! பாவ்ஷான் அண்ணன்! அப்போ நீங்க...” அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை நகர்த்தினான். “உக்காருங்க அண்ணி. நான் ச்சாய். அண்ணனும் நானும் பதினஞ்சு வருஷம் ஒண்ணாத்தான் ஓட்டினோம். இங்க எதுக்கு வந்தீங்க?”

அவள் சொன்னாள். சியானையும் ஹான்சோங்கையும் மூன்று பீரங்கியையும் சொன்னாள். ச்சாய் கேட்கக் கேட்கத் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்பில் நூடுல்ஸ் பொங்கி வழிந்தது, அவன் கவனிக்கவில்லை. யூலியன்தான் எட்டி அடுப்பை அணைத்தாள்.

“அண்ணன் எந்த ஊருக்குள்ளயும் போனதில்ல அண்ணி. நாங்க யாருமே போனதில்ல. நான் இத்தனை வருஷமா செங்டு வர்றேன், செங்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இந்த மைதானம் தெரியும்.”

“அப்போ என்ன சாப்பிட்டார்?”

“வாளி நூடுல்ஸ். வெந்நியை ஊத்தி மூணு நிமிஷம். நான் இந்த மாதிரி ஏதாவது கொதிக்கவெப்பேன், அவருக்கு அந்தப் பொறுமையும் இல்ல. மிளகாய்ப் பொட்டலத்தை மட்டும் எனக்குத் தந்துருவார், வயித்துக்கு ஆகாதுன்னு.”

“போன்ல சொன்னதெல்லாம்?”

ச்சாய் மூக்கைச் சொறிந்தான். “வீடியோ அண்ணி. தின்னுகிட்டே பேசுவாங்கள்ல, அது. சியான்ல நின்னா சியான் வீடியோ, ஹான்சோங்ல நின்னா ஹான்சோங் வீடியோ. முன்னாடியெல்லாம் ரேடியோல கேட்டுச் சொல்லுவார். ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்ப்பார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு உங்களுக்குப் போன் போடுவார். அவர் பேசறதைக் கேட்கவே நாங்க நாலு பேர் வந்து நிப்போம். எங்களுக்கே எச்சில் ஊறும். ‘அண்ணே, எனக்கும் ஒரு தட்டு!’னு எவனாவது கத்துவான். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்குமே?”

கேட்டிருக்கிறது. கூட்டமான கடை என்று அவள் நினைத்த சத்தம் அது.

“எல்லாரும் அப்படித்தான் அண்ணி” என்றான் ச்சாய், ஏதோ மன்னிப்புக் கேட்கிறவனைப் போல. “நானும் வீட்டுல ஆட்டுக்கறி தின்னேம்பேன். சாப்பிட்டாச்சான்னு கேட்டா வேற என்ன சொல்றது?”

யூலியனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், முதல் லாரிப் பயணத்தில், பாவ்ஷான் உண்மையைச் சொல்லியிருந்தார். ரோட்டோரமாக நின்று இரண்டு ஆறின மந்தோ தின்றேன் என்று. இவள் போனிலேயே அழுது, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, அந்தப் பிழைப்பே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள் என்று ரகளை செய்தாள். அன்றைக்குப் பிறகு பாவ்ஷான் ஒரு நாளும் பசியோடு இருந்ததில்லை.

இவளும் அதை நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? வாரம் தவறாமல் குத்திக்காட்டினாள். குடுத்துவெச்ச மகராசன்! அந்த மகராசன் நாலு பேருக்கு முன்னால் அதைக் கேட்டுக்கொண்டு சிரித்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

“அவருக்கு எது பிடிக்கும்? நெசத்துல?”

ச்சாய் அடுப்பில் வழிந்திருந்ததைத் துடைத்தான். “நூடுல்ஸை முடிச்சதும் ‘தீர்ந்துச்சுடா’ம்பார். வேற எதுவும் சொல்லி நான் கேட்டதில்ல அண்ணி.”

சிங்மிங் அன்று காலையில்தான் யூலியன் ஊர் வந்து சேர்ந்தாள். நேரே சமாதிக்குப் போனாள். கோதுமை முழங்காலளவு பச்சையாக நின்றது, அதற்கு நடுவில் மண்மேடு. தீ வைக்காதீர்கள் என்று கிராமக் குழுவின் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கப் புகை. சொந்தக்காரர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். பாவ்தியன் பன்றிக்கறி, ஆப்பிள், மந்தோ, மது எல்லாம் வரிசையாக வைத்திருந்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய பொருளைப் போர்வையால் மூடி வைத்திருந்தான்.

“வந்துட்டீங்களா! என்ன பண்டம் கொண்டுவந்தீங்க? அண்ணனுக்கு எதுதான் பிடிக்குமாம்?”

“தெரியல” என்றாள் யூலியன். “அவருக்கே தெரியாது. சாப்பிட்டிருந்தாத்தானே தெரியும்.”

சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு நாள் ஊர் சுற்றித் தின்றுவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறாள் என்று ஒரு குரல் முணுமுணுத்தது. நிலைமையைச் சரிப்படுத்த பாவ்தியன் அவசரமாகப் போர்வையை இழுத்தான்.

“சரி விடுங்க அண்ணி. இதைப் பாருங்க!”

காகித லாரி. ஆளுயரத்துக்கு நீளம், பளபளக்கும் சிவப்பு, மூங்கில் குச்சிச் சட்டகம். பதினெட்டு சக்கரமும் இருந்தது. நம்பர் பலகையில் பாவ்ஷானின் உண்மையான நம்பர். “காகிதக் கடைக்காரர் மூணு நாள் உக்காந்து செஞ்சார். அண்ணனுக்கு லாரின்னா உயிர். அங்க போயும் லாரியிலேயே போகட்டும்.” பாவ்தியன் லைட்டரைத் தட்டினான்.

“எரிக்காதே” என்றாள் யூலியன்.

“என்ன அண்ணி?”

“இதை அனுப்பாதே. இது இருந்தா அவரை எந்த ஊருக்குள்ளயும் விடமாட்டாங்க.”

“அண்ணி, செத்தவங்க ஊர்ல போக்குவரத்துப் போலீஸா இருக்கு?”

“அணை அதை.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, பாவ்தியன் அணைத்துவிட்டான். யூலியன் மண்டியிட்டு லாரியைச் சுற்றிப் பார்த்தாள். முன்கண்ணாடிக்குப் பதில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு காகித மனிதன் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் வட்டமாக ரோஸ் வண்ணம். அவள் தாளைக் கிழித்து உள்ளே கைவிட்டாள்.

“அண்ணி, அது அண்ணன் இல்ல!” என்றான் பாவ்தியன் பதறி. “அது டிரைவர். கூடக் காசு குடுத்து வெக்கச் சொன்னேன். இனிமே அண்ணன் ஏன் ஓட்டணும்? முதலாளி மாதிரி பக்கத்துல உக்காந்து போகட்டும்னுதான்.”

“தெரியுது” என்றாள் யூலியன். காகித மனிதனின் கைகள் ஸ்டீயரிங்கோடு பசைபோட்டு ஒட்டியிருந்தன. கிழியாமல் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். “இவனும் இறங்கட்டும். இவனுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கும்ல? சாயங்காலம் இவன் பொண்டாட்டி போன் பண்ணி, சாப்பிட்டாச்சான்னு கேட்பா. இவன் என்ன சொல்லுவான்?”

வலது கை வந்துவிட்டது. இடது கைக் கட்டைவிரல் மட்டும் விடாமல் ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் யூலியனின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கி நின்றது. பாவ்தியன் பக்கத்தில் உட்கார்ந்து, லாரி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.